நான் நடத்தாத ஒன்பதாம் வகுப்பு

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. வீட்டில் சேர்ந்துபோன அட்டைப் பெட்டிகளைப் போடுவதற்காகப் போன வாரம் அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு டெம்போ நின்றிருந்தது. அதிலிருந்து கட்டுக் கட்டாக எதையோ இறக்கினார்கள். கடைக்காரர் ஒரு கட்டின் நாடாவைக் கத்தியால் அறுத்தார். குப்பென்று பசையும் அச்சு மையும் கலந்த வாசம் வந்தது. ஜூன் மாதத்து வகுப்பறை வாசம் அது. பழைய பேப்பர் கடையில் அந்த வாசத்துக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு, சமூக அறிவியல். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை. ஒரு பேர்கூட எழுதியிருக்கவில்லை.

"எந்த ஸ்கூலுதுங்க?" என்றேன்.

"அதையெல்லாம் கேக்கப்படாதுங்கக்கா. வருசா வருசம் இப்படித்தான் வருது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டைப் பிரித்தார்.

எனக்குத் தெரியாதா என்ன? இப்படிப்பட்ட கட்டுகளின் மேல் உட்கார்ந்து மூன்று வருஷம் மத்தியானச் சோறு தின்றவள் நான். ஸ்டாஃப் ரூமில் கணக்கு, சயின்ஸ் ஆட்களுக்குத்தான் நாற்காலி. சோசியல் மிஸ்ஸுக்கு ஸ்டோர் ரூம். நல்ல உயரமாக, ஆடாமல் அசையாமல் இருக்கும் அந்தக் கட்டு. உட்காரும்போதெல்லாம் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தயிர்சாதம் தொண்டையில் இறங்கத்தான் செய்தது.

அந்தப் பள்ளி நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். பெயர் சொல்லித் திட்டினால் அது ஒன்று மட்டும்தான் அப்படி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நாலு மாடி, சுற்றிலும் மதில், மதிலுக்கு மேலே கண்ணாடிச் சில்லு. தெற்குக் காற்று அடித்தால் கோழிப் பண்ணை நாற்றம் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வரும். புதிதாக வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஒரு மாதத்தில் அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து இட்லி தின்னப் பழகிவிடும். பிள்ளைகளைச் சொல்வானேன், நான் பழகவில்லையா?

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் தாளாளர் என்னை நிற்க வைத்துத்தான் பேசினார். அவர் போர்வெல் வண்டி வைத்து ஆந்திரா, ஒடிசா வரைக்கும் துளை போட்டுச் சம்பாதித்த மனுஷர். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "நீங்க பாடம் நடத்தோணும்னு இல்லீங்க மிஸ். எழுத வெச்சாப் போதும். சோசியல்ல என்னங்க இருக்குது புரிஞ்சுக்கறதுக்கு?" என்றார். நான் எம்.ஏ. வரலாறு, பி.எட். அதோடு ஒரு லட்சியம் வேறு கைவசம் இருந்தது. "ஆமாங்க சார்" என்று சொன்னேன். லட்சியத்தை அன்றைக்கே அந்த அறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி விட்டேன். திரும்பி வரும்போது செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன்.

அங்கே ஒன்பதாம் வகுப்பு என்பது பலகையில் மட்டும்தான். எட்டாவது முடித்த பிள்ளை கோடை விடுமுறையிலேயே பத்தாவது புத்தகத்தைக் கையில் எடுத்துவிடும். இரண்டு வருஷமும் அதே புத்தகம்தான். முதல் வருஷம் உருப்போடுவது, இரண்டாம் வருஷம் உருப்போட்டதைத் திரும்பத் திரும்ப எழுதுவது. எங்கள் பக்கத்தில் அப்போது இது ஊரறிந்த ரகசியம். பெற்றோருக்குத் தெரியும். தெரிந்துதான் கரூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒன்பதாவது புத்தகங்களும் முறையாக வாங்கப்படும், முறையாக ஸ்டோர் ரூமில் அடுக்கப்படும்.

அந்த இரண்டு வருஷத்திலும் சோசியல் பீரியட் எனக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். "மிஸ், இன்னிக்கு மட்டும்" என்பார். அந்த இன்னிக்கு வாரத்தில் நாலு நாள் வரும். மிச்சம் கிடைத்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மேப்பில் ஊர்களைக் குறிக்க விரல் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். இந்த ஊர் கரையிலிருந்து ஒரு விரல் உள்ளே, அந்த ஊர் அதற்கு மேலே ரெண்டு விரல். காவிரியை நீலப் பென்சிலில் கண்ணை மூடிக்கொண்டு போடும் என் பிள்ளைகள். நிஜக் காவிரி பஸ் ஏறினால் அரைமணி தூரம். ஹாஸ்டல் பிள்ளைகள் மதிலைத் தாண்டி அதைப் பார்த்ததில்லை.

வகுப்புத் தலைவர் என்று ஒருத்தரை வைக்க வேண்டும் அல்லவா? போன டெஸ்ட்டில் முதல் ரேங்க் வாங்கியதுதான் தலைவர். அடுத்த டெஸ்ட்டில் இரண்டாம் ரேங்குக்குப் போனால் பதவி போச்சு. புதிதில் எனக்கு ரத்தம் சூடாக இருந்தது. சீட்டில் பேர் எழுதிப் போடச் சொல்லி ஒரு தேர்தல் நடத்தினேன். நாற்பதாவது ரேங்க் பிள்ளை ஒன்று ஜெயித்துவிட்டது. ஜுரம் வந்த பிள்ளைக்கு மெஸ்ஸில் சண்டை போட்டுக் கஞ்சி வாங்கி வந்த பிள்ளையாம் அது. ஓட்டுப் போட்டவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். மறுநாளே தாளாளர் கூப்பிட்டார். "இந்த ஓட்டுச் சமாச்சாரமெல்லாம் வெளிய வெச்சுக்கலாமுங்க மிஸ். இங்க வந்தா கட்சி கட்டிக்கும்ங்க" என்றார். நானே வகுப்புக்குப் போய், அந்தப் பிள்ளையின் சட்டையிலிருந்து லீடர் பேட்ஜைக் கழற்றினேன். அது ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

இப்போது ஜீவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீவிதா என் பெரியப்பா மகனின் மகள். வீட்டில் நான் அவளுக்கு அத்தை, பள்ளியில் மிஸ். அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். அண்ணனுக்கு எங்கள் ஊரில் வாய்க்கால் ஓரமாக ஒரு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும், அதில் கொடிகள் சுற்றி ஏறியிருக்கும். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே நுழைந்தால் ஈரமும் நிழலுமாக இருக்கும். அண்ணன் செருப்போடு உள்ளே போக விடமாட்டார். மகளுக்காக அந்தக் கொடிக்கால் வருமானத்தைக் கொண்டுபோய் அந்த மதிலுக்குள் கொட்டினார். "நீ இருக்கறீல்ல அம்மிணி, அது போதும்" என்று என்னிடம் சொன்னார்.

ஜீவிதா ஒன்பதாவதில் இருந்தபோது ஒரு நாள் காலையில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று போன் வந்தது. பள்ளியே தலைகீழானது. ஸ்டோர் ரூம் கட்டுகளைப் பிரித்து, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஒன்பதாவது புத்தகத்தைக் கொடுத்தோம். பத்தாவது புத்தகங்களை மெஸ்ஸில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தோம். "பேரைப் பென்சில்ல எழுதுங்க, அப்புறம் அழிச்சுக்கலாம்" என்று சொன்னது யார்? நான்தான். அந்த யோசனைக்காகத் தலைமையாசிரியர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்.

அதிகாரி தாளாளர் அறையில் இளநீர் குடித்தார். வகுப்புப் பக்கம் வரவே இல்லை. அவர் வருவார் வருவார் என்று நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். செய்ய ஒன்றுமில்லாததால் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தன. அந்த வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பக்கத்தைத் தாங்களாகவே படித்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஜீவிதா கையைத் தூக்கினாள்.

"மிஸ், கிராம சபைன்னு போட்டிருக்குதுங்க. ஊர்ல ஓட்டு இருக்கற அத்தனை பேரும் ஒண்ணா உக்காந்து, பிரசிடெண்டையே கணக்குக் கேக்கலாமாமுங்க. நம்மூர்ல அப்படி நடந்து நான் பாத்ததே இல்லீங்களே மிஸ்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நம்மூரில் ஏன் நடப்பதில்லை என்று நீயே போய்க் கேள் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த லீவில் அப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல் என்றிருக்கலாம். சமூக அறிவியல் என்று ஒன்று இருக்கிறதே, அதன் மொத்த வேலையும் அந்தக் கேள்விதான். அசோகர் மரம் நட்டதும், மண் வகைகளும், வட்டமேஜை மாநாடும் எல்லாம் அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருவதற்குத்தான். இதை முடிவு செய்தது யார், என்னை ஏன் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் பாடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் வராந்தாவில் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அது பத்தாவதுல வராது சாமி. மூடி வை" என்றேன்.

வகுப்பு சிரித்தது. ஜீவிதாவும் சிரித்தாள். புத்தகத்தை மூடினாள். மத்தியானம் எல்லோருமாக ரப்பர் வைத்துப் பேரை அழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ரப்பர் தூளைப் பெருக்கி அள்ள ஆயாவுக்கு வெகு நேரம் ஆனது.

பத்தாவதில் ஜீவிதா சோசியலில் நூற்றுக்கு நூறு. அவள் மட்டுமா, என் வகுப்பில் ஒரு கூட்டமே நூறு. ஆண்டு விழாவில் எனக்கு மேடையில் ஒரு மிக்ஸி கொடுத்தார்கள். மெய்யாகத்தான் சொல்கிறேன், அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. இரண்டு தடவை பிளேடு மாற்றியாயிற்று. அன்றைக்குக் கைதட்டல் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? உச்சி குளிர்ந்து போயிற்று.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கும் பரமத்தி வேலூர்ப் பக்கமே வேலை என்பதால் பிறந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டோம். பள்ளியை விட்டேன். ஜீவிதா என்ஜினீயரிங் முடித்து பெங்களூர்க் கம்பெனியில் சேர்ந்தாள். கொரோனா வந்தது. கம்பெனி வேலை அவளோடு சேர்ந்து வீட்டுக்கே வந்துவிட்டது. கொடிக்காலைப் பார்த்த அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எந்த நாட்டுக்காரனோடோ பேசிக்கொண்டிருப்பாள். அண்ணன் வெற்றிலை கிள்ளி முடித்து, வாசலில் கால் கழுவிவிட்டு, மகள் பேசும் இங்கிலீஷைக் கேட்டபடி நிற்பார். அவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நிற்பார்.

எங்கள் ஊரில் கிராம சபை நடக்கும் விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஊராட்சி கிளார்க் டி.வி.எஸ். வண்டியில் வருவார். நல்ல மனுஷர், கல்யாணம் காட்சிக்கு முதல் ஆளாக நிற்பவர். கையில் நீள நோட்டு. "டீச்சருங்க, கூட்டம் நடந்ததா ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்பார். கூடவே ஒரு பொட்டலம் லட்டு, மிக்சர். ஊரே அப்படித்தான் போட்டது. வெயிலில் போய் உட்காராமல் வீட்டு வாசலிலேயே ஜனநாயகம் வந்துவிடுகிறதே என்று நானே கிண்டல் அடித்திருக்கிறேன். ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கையெழுத்துகளுக்கு மேலே மூன்று பக்கம் வெள்ளையாக இருந்தது.

"என்னங்க, மேல ஒண்ணையும் காணோம்?"

"அது கெடக்குதுங்க. ஆபீசுல இருந்து வந்ததும் நான் எழுதிக்கறேன். நீங்க போடுங்க டீச்சர்."

போட்டேன். அடுத்தது அண்ணன் வீட்டுக்குப் போனார். ஜீவிதா வாசலுக்கு வந்து, காதில் மாட்டியதைக் கழற்றாமல், "மீட்டிங்ல இருக்கேனுங்க, எங்க போடோணும்?" என்று கேட்டு, எனக்கு நாலு வரி கீழே போட்டாளாம்.

அந்த வருஷம் ஆடி மாதம் அண்ணன் கொடிக்காலுக்கு மேற்கே, யாரோ வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் ஷெட் எழும்பியது. ஏதோ குடோன் என்றார்கள். பொக்லைன் வந்து, ஊர் மாடு மேயும் மந்தைப் புறம்போக்கு வழியாகக் குழாய்க்குக் குழி வெட்டியது. அது சாயப்பட்டறை என்று ஊருக்குத் தெரிந்தபோது மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அண்ணன் கிணற்றில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் ஊறியது. அந்தத் தண்ணீர் பாய்ந்த பாத்தியெல்லாம் கொடி வேரோடு அழுகியது. அண்ணன் ஒவ்வொரு கொடியாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு போனார். கையோடு வந்துவிட்டது கொடி. "என்ன அம்மிணி இது, இப்படியும் நடக்குமா?" என்று என்னைக் கேட்டார். நான் படித்தவளாம், எனக்குத் தெரியுமாம்.

ஒரு திங்கட்கிழமை மனு நாளில் நாங்கள் மூன்று பேரும் நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மனுவை ஜீவிதாதான் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாத, நூற்றுக்கு நூறு கையெழுத்து. எங்களை ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அம்மாள் ஒரு கோப்பைத் தேடி எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நீள நோட்டின் நகல். முன்பு வெள்ளையாக இருந்த பக்கங்களில் இப்போது எழுத்து இருந்தது. மேற்படி தொழிற்கூடம் அமைக்கவும், மந்தைப் புறம்போக்கில் குழாய் பதிக்கவும் ஆட்சேபணை இல்லை என்று கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.

"ஊரே ஒத்துக்கிட்டிருக்குதுங்களே? இது உங்க கையெழுத்துதானுங்களா டீச்சர்?" என்றார் அந்த அம்மாள். குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜீவிதா பக்கத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பேராகக் கீழே போனாள். என் பேரில் நிற்கவில்லை. தன் பேரில் நின்றாள். அண்ணன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மட்டும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கிளார்க் வந்த நேரத்தில் அவர் கொடிக்காலுக்குள் இருந்திருக்கிறார்.

வெளியே வந்து, மரத்தடியில் டீ வாங்கினோம். எனக்கு டீ இறங்கவில்லை. அண்ணன் தள்ளிப் போனதும் ஜீவிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆய்வு நாள், பென்சில் பேர், அவள் கேட்ட கேள்வி, நான் மூடி வைக்கச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டினால் ஆறும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக அவள் மனசில் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும் என்றும் நினைத்தேன்.

"நான் அப்படிக் கேட்டனுங்களா அத்தை?" என்றாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எனக்கு ஞாபகமே இல்லீங்க. அப்படி ஒரு பாடம் இருக்குதுங்களா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அழித்தது சுத்தமாக அழிந்திருக்கிறது. எந்த ஊர் கரையிலிருந்து எத்தனை விரல் என்று கேட்டிருந்தால் அந்த மரத்தடியிலேயே சொல்லியிருப்பாள்.

அடுத்த கிராம சபைக்கு நான் நேரிலேயே போனேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு ஷாமியானா, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. வந்திருந்தவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் ஊராட்சி ஊழியர்கள். என்னைப் பார்த்ததும் கிளார்க் பதறி எழுந்தார். "ஏனுங்க டீச்சர், நீங்க எதுக்குங்க வெயில்ல வந்தீங்க? நோட்ட ஊட்டுக்கே கொண்டாந்திருப்பனே!" போன தீர்மானத்தை வாசிக்கச் சொன்னேன். அவர் பிரசிடெண்டைப் பார்த்தார். பிரசிடெண்ட் செல்போனைப் பார்த்தார். ரத்து செய்ய வேண்டும் என்று நான் சொன்னதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார்கள். போதிய ஆள் வராததால் எதையும் முடிவு செய்ய முடியாதாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சட்டம் ஒன்பதாவது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் படித்து நூறு வாங்கிய பிள்ளைகளில் நாலு பேர் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒருத்தர்கூட வரவில்லை. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு எந்த முகம் இருக்கிறது?

மனு இன்னும் எங்கேயோ நிலுவையில் இருக்கிறது. அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு, போன தை மாதம் மிச்சக் கொடிகளையும் பிடுங்கிப் போட்டார். அகத்தி மரங்களை வெட்டி விறகுக்குக் கொடுத்தார். இப்போது அங்கே நின்றால் பட்டறையின் தகர ஷெட் நேராகத் தெரிகிறது. யார் வேண்டுமானாலும் செருப்போடு நடக்கலாம், அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஆவணியில் ஜீவிதாவுக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை வீடு கொண்டப்பநாயக்கன்பட்டி. எங்கள் வகையறாவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் தாம்பூலத் தட்டுக்கு அண்ணன் கொடிக்கால் வெற்றிலைதான் போகும். விடிகாலையில் கிள்ளிய இலையாக ஈரத்தோடு வந்து இறங்கும். இந்தத் தடவை முதல் நாள் சாயங்காலமே சந்தையில் வாங்கி, ஈரத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு இலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "வெத்தலக் கொடிக்கால்காரங்க ஊட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க. இது உங்க கொடிக்காலுதானுங்களே?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"ஆமாங்க" என்றார் அண்ணன்.